ஜெயசுதா தூக்கிய கல்

என் மருமகள் ஜெயசுதாவுக்குக் கோபம் வந்தால் அதை முதலில் தெரிந்துகொள்வது எங்கள் வீட்டுப் பாத்திரங்கள்தான். வாயைத் திறக்கமாட்டாள். கொல்லையில் குழாயடியில் உட்கார்ந்து, ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த அண்டாவை எடுத்து இன்னொரு தடவை தேய்ப்பாள். சின்னக் கோபம் என்றால் அண்டாவில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். பெரிய கோபம் என்றால் அடியில் ஓட்டை விழுந்துவிடும். அப்படி ஓட்டை விழுந்த அண்டாக்களில் துளசியும் கற்றாழையும் கறிவேப்பிலையும் வளர்கின்றன. ராமநாதபுரத்தின் வெயிலில் எங்கள் தெருவில் பச்சையாக இருக்கும் ஒரே கொல்லை எங்களுடையது. அதற்குக் காரணம் தண்ணீர் இல்லை.

அவளுக்கு வயது நாற்பது. திருப்புல்லாணிக்குக் கிழக்கே உள்ளொதுங்கிக் கிடக்கும் மல்லாண்டியேந்தலில் பிறந்தவள். எங்கள் வீட்டுக்கு வாழ வந்த பிறகும் மண்ணை விடவில்லை. ஊர் ஓரத்தில் எங்களுக்கு இருக்கும் நிலத்தில் முண்டு மிளகாய் போடுகிறாள். உழவு முதல் காயப்போட்டு மூட்டை கட்டுவது வரை அவள் பொறுப்பு. மூட்டையை லாரியில் ஏற்ற இரண்டு ஆட்கள் வந்தால், ஒருவரை டீ குடிக்க அனுப்பிவிடுவாள். என் மகன் பாண்டீஸ்வரன் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். விரல் நுனியில் வித்தை உண்டு. விரலுக்கு மேலே ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தால் அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொள்வான். அவள் உள்ளே கொண்டு போவாள். இருபது வருடமாக இந்த வீட்டில் நடக்கும் ஒற்றுமை அது.

இந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்த கதையைச் சொன்னால்தான் கல்லின் கதை புரியும்.

மல்லாண்டியேந்தலில் ஊருணிக்கு அந்தப் பக்கம் மல்லுக்குழி என்று ஒரு இடம் இருக்கிறது. ராஜா காலத்துக்கும் முந்தியது என்பார்கள். எந்த ராஜா என்று கேட்டால் ஆளுக்கு ஒரு ராஜாவைச் சொல்வார்கள். வட்டமாகத் தோண்டிய பெரிய பள்ளம். சுற்றிலும் கடற்பாறையை வெட்டி அடுக்கிய படிகள். படியில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தால் பாறைக்குள்ளே சிப்பி தெரியும். படிகளில் ஊர் உட்கார, பள்ளத்தில் மல்லர்கள் மோதியிருக்கிறார்கள். அவர்கள் சிந்திய வியர்வை இறங்கித்தான் அந்த ஊருணித் தண்ணீர் உப்புக் கரித்தது. ஒரு மல்லன் தூக்கி எறிந்ததில் இன்னொருவன் மண்டபம் கடற்கரையில் போய் விழுந்தான் என்றும், விழுந்தவன் எழுந்து, வந்ததுதான் வந்தோம் என்று மீன் வாங்கிக்கொண்டு நடந்தே திரும்பினான் என்றும் என் பேத்தி சிநேகாவுக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். என்ன மீன் என்று கேட்டாள். பாறை மீன் என்றேன்.

மல்யுத்தம் எப்போதோ நின்றுபோனது. ஆனால் பள்ளத்தின் நடுவே இளவட்டக்கல் கிடந்தது. உருண்டைக் கல். பிடிக்க ஒரு விளிம்பு கிடையாது. பொங்கலுக்கு மறுநாள் கல்யாணமாகாத இளவட்டங்கள் அதைக் கட்டிப்பிடித்து, முழங்காலுக்குக் கொண்டுவந்து, மடியில் ஏற்றி, நெஞ்சில் உருட்டி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போடவேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் படியில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஜெயசுதாவின் அய்யா சோணைமுத்து, "கல்லத் தூக்குறவுகளுக்குத்தான் எம்பொண்ணு" என்று ஊருக்கு முன்னால் சொல்லியிருந்தார். அவளுக்கு முறைமாப்பிள்ளை இருந்தான். தாய்மாமன் மகன் முனியசாமி. மீசையை முறுக்கிக்கொண்டு இறங்கினான். கல் முழங்கால் வரை வந்தது. அதற்கு மேல் கல் வரவில்லை, அவன்தான் கீழே போனான். மல்லாக்க விழுந்து எழுந்தவன், "கல்லுல எவனோ எண்ணெயத் தடவி வச்சிருக்கான்" என்றான்.

அன்று சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த நாங்களும் படியில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு இரண்டு படி கீழே, வாயில் கரும்போடு உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். சக்கையைத் துப்பினாள். "எண்ணெ இருக்கான்னு பாத்துட்டு வாரேன்" என்று இறங்கிப் போனாள். கல்லைத் தடவிப் பார்த்தாள். தாவணியை இடுப்பில் செருகினாள். அப்புறம் அந்தக் கல், கூப்பிட்ட பிள்ளை இடுப்பில் ஏறுவது போல ஏறியது. தோளைத் தாண்டிப் பின்னால் விழுந்து, கடைசிப் படியின் மூலையை உடைத்து, தானும் ஒரு சில்லுப் பெயர்ந்து உருண்டது. மல்லுக்குழியில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

என் மகன் மட்டும் தடதடவென்று இறங்கி ஓடி, "கால்ல பட்டுருச்சா?" என்று கேட்டான்.

சோணைமுத்து சொன்ன சொல்லை மாற்றாத மனிதர். "தூக்குறவுகளுக்குத்தான் பொண்ணுன்னேன். தூக்குனது பொண்ணு. அப்ப அவ சொல்றவந்தான் மாப்பிள்ளை" என்றார். அவள் என் மகனைக் கை காட்டினாள்.

இது நடந்தது. இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை, காக்கையைத் தவிர.

இப்போது சிநேகாவுக்கு வருவோம். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். தாயின் தோள் அப்படியே அவளுக்கு. பள்ளிக்கூடத்தில் பளு தூக்கச் சேர்த்தார்கள். மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள். கார்த்திகை கடைசியில் மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு இருந்தது. அதற்கு முன்னால் திருவாடானையில் ஒரு கல்யாணம் வந்து தொலைத்தது. அங்கே எங்கள் பக்கத்து உறவுக்காரி ஒருத்தி, பந்தியில், இலைக்கு எதிரே வைத்து, அந்தப் பிள்ளையின் தோளைத் தொட்டுப் பார்த்துச் சொன்னாள்: "என்னத்தா இது, ஆம்பளப் புள்ளையாட்டம். இப்பிடித் தூக்கித் தூக்கி நாளைக்கு வயித்துல ஒண்ணும் நிக்காது. எவன் கட்டுவான்?" பக்கத்து இலைகள் எல்லாம் சிரித்தன. சிநேகா பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். தேர்வுக்குப் போகப்போவதில்லை என்றாள். ஜெயசுதா, "நானே தூக்குனவதான். எனக்கு நீ பொறக்கலையா?" என்று கேட்டாள். சிநேகா என்னைப் பார்த்தாள். "அது அப்பத்தா கதைம்மா. பாறை மீன் வாங்கிட்டு நடந்து வந்த கதை மாதிரி" என்றாள்.

அன்று ஒரு குண்டான் ஓட்டையாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயசுதா என் மகனிடம், "வண்டிய எடுங்க. எல்லாரும் மல்லுக்குழிக்குப் போறோம்" என்றாள். அவளுடைய அய்யாவும் அம்மாவும் இறந்த பிறகு அந்த ஊருக்கு அவள் அதிகம் போவதில்லை. மகளைக் கல்லுக்கு முன்னால் நிறுத்தவேண்டும், உடைந்த படியைக் காட்டவேண்டும், கையால் தொடவைக்கவேண்டும். புதன்கிழமை தேர்வு. அதற்குள் அந்தப் பிள்ளை நம்பவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பழைய மாருதியில் நான்கு பேரும் போய் இறங்கினோம். இறங்கியவுடன் தப்பான ஊருக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தேன். சீமைக்கருவேலை எல்லாம் வெட்டி எறிந்திருந்தார்கள். வாசலில் சிமெண்டு வளைவு, ரோஸ் கலரில். கடற்பாறைப் படிகளுக்கு நீலப் பெயிண்டு அடித்திருந்தார்கள். எத்தனையோ தலைமுறை மழைக்கும் உப்புக்காற்றுக்கும் கலர் மாறாத பாறை, ஒரு டப்பா பெயிண்டுக்கு மானம் இழந்து நின்றது. வளைவுக்கும் மேல்படிக்கும் நடுவே வழுவழுவென்று டைல்ஸ். பள்ளத்தின் நடுவில் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் பட்டு கட்டி, மாலை போட்டு, வெள்ளிக் கண் ஒட்டி, ஒரு சாமி.

வளைவை ஒட்டி மர்ஜானா பெட்டிக்கடை போட்டிருந்தாள். ஜெயசுதாவோடு ஊருணியில் குதித்து வளர்ந்தவள். சிநேகாவின் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"சுதா, உள்ள எறங்கிறாத புள்ள. பொம்பளைக மேல்படியோட சரி."

"ஏன்?"

"கல்லுச்சாமியாகிப் போச்சு. ஒங்க இளவட்டக்கல்லுதான். ஒங்க முனியசாமி மச்சான்தான் பூசாரி. ஊர்த் தலைவரும் அவருதான்."

"அவன் ஒரு நாளாச்சும் கோயிலுக்குப் போனவனா?" என்று நான் கேட்டேன்.

"அதான் கோயில இங்கன கொண்டாந்துட்டாருல்ல" என்றாள் மர்ஜானா.

ஜெயசுதா செருப்பைக் கழற்றினாள். சிநேகாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேல்படிக்குப் போனாள். அங்கே குழாய்க் கம்பியில் தடுப்பு. ஒரு தகரத்தில் 'பெண்கள் இதற்கு மேல் இறங்கக் கூடாது' என்று சிவப்பில் எழுதியிருந்தது. எந்தப் படியில் உட்கார்ந்து கரும்பு தின்றாளோ அந்தப் படிக்கும் இந்தப் பக்கத்திலேயே.

முனியசாமி கொட்டகையிலிருந்து வெளியே வந்தான். நெற்றி முழுக்கத் திருநீறு. தொப்பைக்கு மேல் சிவப்புத் துண்டு. மீசை அதேதான், நரைத்திருந்தது. எங்களைக் கண்டதும் ஒரு நொடி நின்றான். அப்புறம் படியேறி வந்தான்.

"வாங்க, வாங்க. பாண்டி, நீ எறங்கி வா. அர்ச்சனை பண்ணுவோம். இவுக அங்கனயே நிக்கட்டும்."

"மச்சான், எம்மகளுக்குக் கல்லக் காட்டணும்" என்றாள் ஜெயசுதா.

"அங்கன இருந்து கும்பிட்டுக்கத்தா. சாமி எங்கயிருந்து கும்பிட்டாலும் பாக்கும்."

"கும்பிட வரலை. தொட்டுப் பாக்கணும்."

முனியசாமி சிரித்தான். "தொடுறதா? விரதமிருந்த ஆம்பளைகளே தொடுறதில்ல. தீட்டுப்பட்டா ஊரே அழிஞ்சு போகும். மழை பேயாது."

"நா தோள்ல தூக்கிப் போட்ட கல்லு அது."

"யாரு?"

"நாந்தான்."

"யாரு பாத்தா?" என்றான் அவன். நின்று, நிதானமாக, சிநேகாவைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எந்தக் காலத்துலயும் இந்தக் குழியில பொம்பள கால் வச்சதில்லத்தா. ஒங்க அப்பத்தா வாய் சும்மா இருக்காது, கதை கட்டிவிடும். பொம்பளை கல்லத் தூக்குனாளாம். அப்பிடி ஒரு நாளே நடக்கலை."

எனக்கு உச்சி சுட்டது. என் கதைகளில் மனிதர்கள் மண்டபம் வரை பறப்பார்கள். ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. "ஏப்பா முனியசாமி, மல்லாக்க விழுந்தியே, அந்த இடுப்பு வலி போயிருச்சா?" என்று கேட்டேன். கேட்காத மாதிரி துண்டை உதறினான்.

ஆனால் என் வாய் அங்கே எடுபடவில்லை. சிநேகா தாயின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. ஜெயசுதாவின் கழுத்து நரம்பு புடைத்தது அப்போதுதான்.

பாண்டீஸ்வரன் மெதுவாக அவள் முழங்கையைத் தொட்டான். "விடு ஜெயா. ஊர்ப் பொல்லாப்பு எதுக்கு? வா, போவோம்."

"நீங்க பார்த்தீகளா இல்லையா?"

"பார்த்தேன்."

"அப்ப சொல்லுங்க."

அவன் முனியசாமியைப் பார்த்தான். படியைப் பார்த்தான். "நா பாத்தேன் அண்ணே" என்றான், ரிப்பேர் ஆகாத போனைத் திருப்பிக் கொடுக்கும் குரலில்.

"பொண்டாட்டி சொன்னா நீ பாக்காததும் பாப்ப" என்றான் முனியசாமி.

ஜெயசுதா தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். கும்பிடுகிறாள் என்றுகூட அவன் நினைத்திருப்பான். பிறகு கேட்டாள்:

"மச்சான், சாமிக்கு இடப்பக்கம் பள்ளமா இருக்கே, சந்தனம் அப்பியிருக்கு, அது என்ன?"

"அது சாமியோட காது. பக்தருக கொறைய அதுல சொன்னா நிறைவேறும். சுயம்பு. உளி படல."

"மர்ஜானா" என்று ஜெயசுதா திரும்பாமலே கூப்பிட்டாள். "இங்கன வா. சாமி காத வந்து பாரு."

மர்ஜானா வந்து கம்பியின் மேல் எட்டிப் பார்த்தாள். "நாங்க இங்கெல்லாம் வாரதில்லையே" என்று சொல்லிக்கொண்டே பார்த்தவள் அப்படியே முக்காட்டை இழுத்து வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"யா அல்லா. சுதா, இது ஊருணிக்கரையில கெடந்த நம்ம தொவைக்கிற கல்லுல்ல. அருவா தீட்டித் தீட்டி நாந்தானே அந்தப் பள்ளத்தப் போட்டேன். எங்கம்மா அதுக்கு என்னை அடிச்ச அடி இன்னும் முதுகுல இருக்கு."

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஆமை முதுகு மாதிரி புடைத்த பெரிய கல். அந்த ஊர்ப் பெண்கள் பரம்பரை பரம்பரையாகத் துவைத்துத் துவைத்து ஒரு பக்கம் முகம்போல வழவழத்துப் போன கல். நிமிர்த்தி நட்டுக் கண் ஒட்டிவிட்டால் யாருக்கும் கும்பிடத் தோன்றும். காடு வெட்ட வந்த ஜேசிபி, பள்ளத்தில் கிடந்ததையும் கரையில் கிடந்ததையும் ஒன்றாக வாரிக் குவித்திருக்கிறது. குவியலில் தன்னைத் தோற்கடித்த கல் எது என்று தேடிய முனியசாமி, இருப்பதில் பெரியதைப் பொறுக்கியிருக்கிறான். அத்தனை வருடமாக அவன் மனதுக்குள் அந்தக் கல் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. சின்னக் கல்லிடம் தோற்றேன் என்று எந்த மீசைதான் ஒப்புக்கொள்ளும்?

பெண்கள் தொட்டால் தீட்டு என்றானே, அந்தக் கல்லில் அந்த ஊர்ப் பெண்கள் எதைத்தான் துவைக்கவில்லை? பிள்ளைத்துணி, பேறுகாலத் துணி, மாதாமாதம் ஒதுங்கியிருந்த துணி. இவன் தாய் துவைத்திருப்பாள். இவனைச் சுற்றி வைத்த பழந்துணியும் அதில்தான் அடிபட்டிருக்கும். அதற்குப் பட்டு கட்டி, அதில் துவைத்தவர்களை மேலே நிறுத்தி, கம்பி போட்டுவிட்டான்.

"சாமி நிந்தனை பண்ணாதீக" என்று முனியசாமி கத்தினான். முகம் கறுத்திருந்தது. "மர்ஜானா, ஒனக்கு இங்கன கடை வேணுமா வேணாமா?"

மர்ஜானாவின் சிரிப்பு அப்படியே நின்றது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இரண்டு அடி பின்னால் போனாள். அதைப் பார்த்ததும் ஜெயசுதா தடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப நம்ம கல்லு எங்க?" என்று கேட்டாள்.

அவளே தேடினாள். வளைவுக்குப் போனாள். செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், சிதறுகாய் போடும் இடம். நாலா பக்கமும் தேங்காய் ஓடு. நடுவில், தேங்காய்த் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்குமாக, எறும்பு மொய்த்துக்கொண்டு ஓர் உருண்டைக் கல். ஜெயசுதா குனிந்து ஓடுகளைக் கையால் தள்ளினாள். கல்லைக் கொஞ்சம் புரட்டினாள். அடிப்பக்கத்தில், ஒரு கை அகலத்துக்குச் சில்லுப் பெயர்ந்த வடு.

"சிநேகா, இதத் தொட்டுப் பாரு. தொட்டுட்டு, கீழ அந்தக் கடைசிப் படியோட மூலையப் பாரு."

சிநேகா தொட்டாள். பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். நீலப் பெயிண்டு அடித்தும் மூளியாகத் தெரிந்தது மூலை. கல்லும் உடைந்திருக்கிறது, படியும் உடைந்திருக்கிறது. யார் உடைத்தது என்று கல் சொல்லாதே.

"தேங்கா ஒடைச்சா கல்லு பெயரத்தான் செய்யும்" என்றான் பின்னாலேயே வந்த முனியசாமி.

ஜெயசுதா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகினாள். "அம்மா வேணாம், முட்டி வலின்னு மாத்திரை போடுற" என்று சிநேகா சொன்னது அவள் காதில் விழவில்லை. உட்கார்ந்து கல்லை அணைத்தாள். கல் அசைந்தது. முழங்காலுக்கு வந்தது. மடிக்கு வந்தது. அங்கே நின்றது. அவள் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. கோபம் இருந்தது, முட்டி இல்லை. தேங்காய்ப் பிசுக்கில் கை வழுக்கி, கல் மடியிலிருந்து சரிந்து ஓடுகளின் மேல் உருண்டது.

முனியசாமி வாய்விட்டுச் சிரித்தான். இருபது வருடமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு போலிருக்கிறது, நிற்கவில்லை.

"என்ன சுதா, கல்லுல எண்ணெ இருந்துச்சா? இப்பப் பாத்துட்டியா எண்ணெ இருக்கான்னு?"

ஜெயசுதா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிநேகாதான் திரும்பினாள்.

"பெரியப்பா, அப்படி ஒரு நாளே நடக்கலைன்னீகளே. எண்ணெக் கதை ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

முனியசாமியின் சிரிப்பு பாதியில் அறுந்தது.

"எங்க அம்மா எண்ணெ இருக்கான்னு பாத்துட்டு வாரேன்னு சொன்னது, அங்கன இருந்தவுகளுக்குத்தானே தெரியும்?"

"அது... ஊருல சொல்லுவாக."

"ஊருல என்னன்னு சொல்லுவாக?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த சில இடங்களில் அது ஒன்று.

சிநேகா ஷூ இல்லாத காலை டைல்ஸில் தேய்த்துப் பார்த்தாள். கையை விரித்துப் பார்த்தாள். பளு தூக்கப் போகிறவர்கள் கை வழுக்காமல் இருக்க வெள்ளைப் பொடி பூசிக்கொள்வார்களாம். அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். வளைவின் அடியில் பக்தர்களுக்கு வைத்திருந்த திருநீற்றுத் தட்டு கண்ணில் பட்டது. இரண்டு கையாலும் அள்ளி, முழங்கை வரை பூசிக்கொண்டாள்.

"ஏத்தா, அது சாமி திருநீறு" என்றான் முனியசாமி.

"பூசத்தானே வச்சிருக்கீக?" என்றாள் அவள்.

மர்ஜானா தன் கடைச் சாக்கைக் கொண்டுவந்து கல்லைத் துடைத்தாள். கடை போனால் போகட்டும் என்று முடிவு செய்த முகம் அது. சிநேகா உட்கார்ந்தாள். முதல் தடவை கல் முழங்காலைத் தொட்டுவிட்டு விழுந்தது. "கம்பி மாதிரி பிடிக்க எடமே இல்லம்மா" என்றாள், வேறு யாரிடமோ சண்டை போடுகிறவள் போல. இன்னும் கொஞ்சம் திருநீறு அள்ளினாள். இரண்டாம் தடவை கல்லுக்கு அடியில் கையை விட்டு நெஞ்சோடு அணைத்தாள். முழங்கால். மடி. அங்கே ஒரு மூச்சு நின்றாள். தொடையிலிருந்து ஓர் எக்கு எக்கினாள். கல் நெஞ்சுக்கு வந்துவிட்டது. என் மகன் சட்டையைக் கடித்துக்கொண்டு நின்றான். திருவாடானைப் பந்தியில் சிரித்த அத்தனை பேரையும் அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தவேண்டும் என்று இருந்தது எனக்கு. கல் நெஞ்சில் உருண்டு, தாடையை உரசி, அந்தத் தோளில், எவன் கட்டுவான் என்று கேட்டார்களே அந்தத் தோளில், ஏறி உட்கார்ந்தது.

அவள் எழுந்து நின்றாள்.

"எங்கம்மா போட?" என்று கேட்டாள்.

ஜெயசுதா எழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. அவள் கல்லைப் பார்க்கவில்லை. முனியசாமியைத்தான் பார்த்தாள்.

"டைல்ஸ் மேல போடு" என்றாள்.

அந்தச் சத்தம் திருப்புல்லாணிப் பெருமாளுக்குக் கேட்டிருக்கும். கேட்டு அவரும் புரண்டு படுத்திருப்பார்.

திரும்பி வரும்போது பாண்டீஸ்வரன் வண்டியை ஓட்டிக்கொண்டே, "கால்ல பட்டுருச்சாம்மா?" என்று மகளிடம் கேட்டான். சிநேகா தாயைப் பார்த்தாள். ஜெயசுதா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. வீட்டுக்கு வந்ததும் ஷூ கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. புதன்கிழமை தேர்வுக்கு நான்தான் கூடப் போனேன். அவளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே இருந்த கம்பி, மல்லுக்குழிக் கல்லோடு ஒப்பிட்டால் பிடிக்க ரொம்ப வசதி என்றாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் சந்தோஷமாக முடித்திருப்பேன். வெள்ளிக்கிழமை மர்ஜானா போன் செய்தாள். ஜெயசுதா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சுதா, கடைய எடுக்கச் சொல்லிட்டாக. அது போகட்டும், ரோட்டுமேல போட்டுட்டேன். இதக் கேளு. அந்த உருண்டைக் கல்லுக்கு ராத்திரியோட ராத்திரியா மஞ்சப் பூசிட்டாக. சிவப்புச் சேலை கட்டியிருக்கு. கல்லுச்சாமிக்கு அது அம்மனாம். ஒம்மக கையில வந்து தன்னை வெளிக்காட்டுச்சாம். சுத்தி இரும்புக் கம்பி அடிச்சுட்டாக."

"பொம்பளைக?"

"கிட்டப் போகக் கூடாதாம்."

தோற்றவன் ஒருவன் ஊரிலே இருந்தால் கல்லுக்கெல்லாம் எத்தனை பதவி உயர்வு பாருங்கள். துவைத்த கல் சாமி. தூக்கிய கல் அம்மன். துவைத்தவளுக்கும் தூக்கியவளுக்கும் மட்டும் இடம் கம்பிக்கு வெளியே. ஊரில் இதைத் தப்பென்று சொல்ல ஒரு ஆம்பளை கிடையாது. எல்லோருக்கும் தெரியும் அது எந்தக் கல் என்று. அவர்கள் வீட்டுத் துணியும் அதில்தான் துவைபட்டது. தெரிந்தும், கை கூப்பிக்கொண்டு காதில் குறை சொல்கிறார்கள்.

ஜெயசுதா போனை வைத்தாள். நேராகக் கொல்லைக்குப் போனாள். வீட்டில் மிச்சமிருந்த ஒரே அண்டாவைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தேய்க்கத் தேய்க்க அடித்தகடு மெலிவது எனக்குத் தெரிந்தது. வெகுநேரம் கழித்துக் கையை நிறுத்தினாள்.

"அத்தை, அம்மனுக்குப் பொங்கலுக்கு மறுநாள் ஊர்வலம் உண்டுல்ல?"

"சாமின்னு சொல்லிட்டா ஊர்வலம் உண்டுதான்."

"தோள்ல வச்சுத்தானே தூக்கிட்டுப் போகணும்?"

"ஆமா."

"தூக்கச் சொல்லுங்க, முனியசாமி மச்சானை" என்றாள். "முழங்காலு வரைக்கும் தூக்கட்டும். அதுக்கு மேல ஆள் வேணும்னா நானும் எம்மகளும் கம்பிக்கு வெளிய நிப்போம். வந்து கூப்பிடட்டும்."

அண்டாவைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓட்டை விழவில்லை. மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.